ஆண்டிஸ் சந்தை: ஒரு மலையைத் தரையில் விரித்தால்

பெரு நாட்டுச் சந்தை என்று இணையத்தில் தேடினால் வரும் படம் பலருக்கும் மனப்பாடம். சிவப்புப் பாவாடை, தட்டுப் போன்ற தொப்பி, முதுகில் கோடு போட்ட துணியில் கட்டிய குழந்தை, ஓரமாக ஒரு லாமா. கீழே ஒரு வரி: "இன்கா காலத்திலிருந்து மாறாத வண்ணச் சந்தை." (இன்கா: ஸ்பானியர் வந்து ஆட்சியைப் பிடிக்குமுன் இந்த மலைகளை ஆண்ட பேரரசு.) அதற்கு வரும் கருத்துகளும் ஏறக்குறைய ஒன்றுதான். பணம் என்றால் என்னவென்றே தெரியாத வெள்ளந்தி மக்கள், எல்லாமே கையால் நெய்தது, எல்லாமே இயற்கைச் சாயம்.

இதில் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஒரு குடம் குழப்பமும் இருக்கிறது. குழப்பத்துக்குக் காரணம், எல்லாரும் நிறத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஒரு சின்ன ஊரின் வாரச்சந்தைக்கு நூறு விதக் கிழங்கும், மக்காச்சோளமும், ஆரஞ்சும், கொக்கா இலையும், உப்புக்கட்டியும் ஒரே காலையில் எப்படி வந்து சேர்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் நீளம், ஏழு நாடுகள். 'ஆண்டிஸ் சந்தை' என்று மொத்தமாகப் பேசுவதே கொஞ்சம் துணிச்சல்தான். அதனால் பெருவின் குஸ்கோ வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு போவோம்.

பேருந்தில் ஏறும் வெயில்

மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறுகிறீர்கள். வெளியே வாழையும் பாக்கும். குன்னூர் வருவதற்குள் ஜன்னலை மூடத் தோன்றும், வெளியே தேயிலை. ஊட்டியில் இறங்கினால் ஸ்வெட்டர், கேரட், உருளைக்கிழங்கு. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான் நகர்ந்திருப்பீர்கள். மாறியது ஒன்றுதான், உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும். அதோடு பயிரும் மாறும்.

ஊட்டி சுமார் 2,200 மீட்டர். நமக்கு அதுவே உச்சி. ஆண்டிஸில் அது அடிவாரக் கணக்கு. எக்வடோரின் பேர்பெற்ற ஒத்தவாலோ சந்தை 2,500 மீட்டருக்கு மேல். குஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள பீசாக் கிட்டத்தட்ட 3,000. குஸ்கோ நகரமே 3,400. பொலிவியாவின் எல் ஆல்ட்டோவில் வியாழனும் ஞாயிறும் கூடும் பிரம்மாண்டச் சந்தை 4,000 மீட்டரைத் தாண்டியது. (ஊட்டியில் விளையும் உருளைக்கிழங்குக்குப் பூர்வீகம் இந்த மலைகள்தான். ஒருவகையில் நாம் பார்க்கப் போவது அதன் தாய்வீடு.)

மலை ஒரு மாடிவீடு

ஒரு பெரிய மாடிவீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு குடும்பம். ஆனால் தரைத்தளத்தில் பழம் மட்டும்தான் காய்க்கும், இரண்டாம் மாடியில் சோளம் மட்டும், மொட்டைமாடியில் கிழங்கும் ஆட்டுக்கறியும் மட்டும். எந்தக் குடும்பமும் தன் மாடிப் பொருளை மட்டும் வைத்து ஒரு வாரம் சமைக்க முடியாது. படிக்கட்டில் ஏறி இறங்கியே ஆகவேண்டும்.

ஆண்டிஸ் அப்படித்தான். ஒரே உயரத்தில் ஒரேமாதிரி வெப்பமும் பயிரும் அமைந்த பட்டையை ஆய்வாளர்கள் சூழல்தளம் என்கிறார்கள். ஸ்பானிஷில் இதற்கு அவர்கள் வைத்த சொல் 'பீசோ'. வீட்டு மாடிக்குச் சொல்கிற அதே சொல்.

பெருவின் புவியியலாளர் ஹவியேர் புல்கார் விடால் கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் நாட்டை எட்டு நிலப்பகுதிகளாகப் பிரித்தார். நமக்குத் திணைப் பகுப்பு நினைவுக்கு வரும். பெயர்களையும் அவர் புதிதாக உருவாக்கவில்லை, மலைமக்கள் வழங்கிய பெயர்களை எடுத்துக்கொண்டார். நமக்கு மூன்று போதும். யூங்கா: 2,300 மீட்டருக்குக் கீழே உள்ள வெப்பச் சரிவு. பழம், காப்பி, கொக்கா இங்கே. கெச்சுவா: அதற்கு மேல் 3,500 வரை. மக்காச்சோளத்தின் ராஜ்யம். மலைமக்கள் பேசும் மொழியின் பெயரும் இதுதான். புனா: 4,000-க்கு மேல். மரம் அரிது, புல்வெளி, லாமா, அதன் உறவான அல்பாக்கா, கசப்பு உருளை. கெச்சுவாவுக்கும் புனாவுக்கும் நடுவே கிழங்குகளுக்கும் கின்வா தானியத்துக்கும் ஏற்ற ஒரு பட்டை உண்டு. அதை இரண்டுக்கும் இடையிலான படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயமும் சேர்கிறது. குஸ்கோ பூமத்திய ரேகையிலிருந்து பதின்மூன்று பாகைதான் தள்ளியிருக்கிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் அதிகம். பருவம் மாறினால் வேறு காய் கிடைக்கும் என்று காத்திருக்க முடியாது. வேறு காய் வேண்டுமென்றால் வேறு உயரத்துக்குத்தான் போகவேண்டும்.

சுருக்கமாக: மலையில் உயரம் மாறினால் பயிர் மாறும். எந்த உயரத்திலும் எல்லாம் விளையாது. எனவே எல்லாருக்கும் மற்ற உயரத்துக்காரர் தேவை.

சந்தை இல்லாமலும் சமாளித்தார்கள்

சரி, தேவை இருந்தால் சந்தை இருந்திருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? இங்கேதான் 'இன்கா சந்தை' என்ற சொல் இடிக்கிறது.

ஜான் முர்ரா என்ற மானிடவியலாளர் 1972-ல் ஒரு விளக்கம் சொன்னார். திட்டிகாக்கா ஏரிக்கரையில், 3,800 மீட்டர் உயரத்தில் வாழ்ந்த லுபாக்கா மக்களைப் பற்றி 1567-ல் ஸ்பானிய அதிகாரி ஒருவர் எடுத்த விசாரணைக் குறிப்பை அவர் படித்தார். அந்த மக்கள் மக்காச்சோளத்தை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கவில்லை. பல நாள் நடைதூரத்தில், பசிபிக் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் தங்கள் ஆட்களையே குடியமர்த்தியிருந்தார்கள். கிழக்குச் சரிவில் கொக்காவுக்கு வேறு ஆட்கள். ஒரே சமூகம், வெவ்வேறு உயரங்களில் தீவுதீவாகச் சிதறிய நிலம். இதற்கு முர்ரா வைத்த பெயர் செங்குத்துத் தீவுக்கூட்டம். நம் உவமையில் சொன்னால், ஒரே கூட்டுக்குடும்பம் ஒவ்வொரு மாடியிலும் ஒரு அறை வைத்திருப்பது.

இன்கா அரசும் பெரும்பாலும் இப்படியே பொருளை நகர்த்தியது. வரி என்பது உழைப்பு. விளைந்தது களஞ்சியத்துக்குப் போகும், அங்கிருந்து பிரித்துத் தரப்படும். நாணயம் கிடையாது. சின்ன அளவில் கைமாற்று நடந்தது. அது எவ்வளவு பெரியது என்பதில் அறிஞர்களுக்குள் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இன்று நாம் காணும் வாரச்சந்தைக்கு உருக்கொடுத்ததில் ஸ்பானியருக்குப் பெரும்பங்கு உண்டு. 1545-ல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசியில் வெள்ளி அகப்பட்டது. 4,000 மீட்டரில் அதிகம் ஒன்றும் விளையாத இடத்தில் திடீரென்று ஒரு மாநகரம். அத்தனை வாய்க்கும் உணவு வெளியிலிருந்துதான் வரவேண்டும். 1570-களில் அரசப் பிரதிநிதி தொலேதோ சிதறிக் கிடந்த மக்களைப் பிடித்து, தேவாலயமும் சதுக்கமும் உள்ள ஊர்களில் கட்டாயமாகக் குடியேற்றினார். வரியைக் காசாகக் கட்டச் சொன்னார்கள். காசு வேண்டுமென்றால் எதையாவது விற்கவேண்டும். ஞாயிறு பூசைக்கு எப்படியும் சதுக்கத்துக்கு வரவேண்டும். மூட்டையோடு வந்தால் ஆயிற்று. பீசாக்கிலும் இன்றுவரை ஞாயிறுதான் பெரிய சந்தை நாள்.

'சந்தை' என்பதற்குக் கெச்சுவாவில் 'கத்து' என்ற சொல் உண்டு. காலனிக் காலத்தில் எக்வடோரின் கீத்தோ போன்ற நகரங்களில் சந்தைப் பெண்களுக்கு ஸ்பானியர் வைத்த 'கத்தேரா' என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். சந்தைப் பெண் என்றேன், வேண்டுமென்றேதான். விரிப்பின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் பெண். அன்றும், இன்றும்.

ஒரு விரிப்பைப் படித்துப் பார்ப்போம்

இப்போது சந்தைக்குள் போகலாம். தரையில் ஒரு துணி. அதன்மேல் கூறு கூறாகப் பொருள். தராசு இருந்தாலும் பலர் கூறு கட்டித்தான் வைப்பார்கள். எந்தக் கூறு எந்த மாடியிலிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

முதலில் கிழங்கு. கருநீலம், ரோஜா, மஞ்சள், வரிப்போட்டது, அன்னாசிபோல முண்டு முண்டானது. பெருவில் நாட்டு உருளை வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. லிமாவில் 1971-ல் தொடங்கிய பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் இவற்றைச் சேகரித்து வைத்திருக்கிறது. பீசாக்குக்கு மேலே உள்ள மலையூர்கள் தங்கள் நிலத்தையே 'உருளைப் பூங்கா' என்று அறிவித்து, வகைகளை வயலிலேயே காக்கின்றன. ஏன் இத்தனை வகை? மாடிக்கு மாடி, சரிவுக்குச் சரிவு பனியும் மண்ணும் வேறு. ஒரே வயலில் பத்து வகை கலந்து நட்டால், உறைபனி வந்தாலும் பூச்சி வந்தாலும் நாலு வகையாவது மிஞ்சும். விதவிதமான நிறம் விவசாயிக்கு ஒரு காப்பீடு.

பக்கத்தில் கூழாங்கல்போலக் கறுப்பாகவும் சுண்ணாம்புக்கட்டிபோல வெள்ளையாகவும் குவியல் தெரிகிறதா? அதுவும் உருளைதான். கறுப்புக்கு சூன்யோ என்று பெயர், வெள்ளைக்கு மொராயா. நம் வீட்டு வற்றலின் மலை உறவினர். 4,000 மீட்டரில் விளையும் சில உருளைகள் பனியைத் தாங்கும், ஆனால் கசக்கும். கசப்புக்குக் காரணம் அதிலுள்ள நச்சுப்பொருள். ஜூன், ஜூலையில் இரவு உறைபனியில் அவற்றைப் பரப்பி வைப்பார்கள். உறைந்து, பகல் வெயிலில் இளகும். காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். மறுபடி பனி, மறுபடி வெயில். வெள்ளை வேண்டுமென்றால் ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறவும் போடுவார்கள். கசப்பு போய்விடும், கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடாது. இரவில் உறைபனியும் பகலில் சுள்ளென்ற வெயிலும் சேர்ந்து கிடைக்கும் இடம் மேல்மாடிதான். கீழே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சூன்யோ செய்ய முடியாது.

அடுத்த விரிப்பில் மக்காச்சோளம். குஸ்கோவின் உருபாம்பா பள்ளத்தாக்கு வெள்ளைச் சோளத்தின் மணி ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. வேகவைத்த கதிரோடு ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்துத் தருவார்கள். காலை உணவு முடிந்தது. இது நடுமாடி.

அப்புறம் கொக்கா இலை மூட்டை. நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிப்பார்கள். அந்த இலையில் உள்ள ஒரு பொருளை வேதிமுறையில் பிரித்து, செறிவாக்கினால்தான் போதைப்பொருள். மலைமக்கள் இலையை அப்படியே கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள், களைப்பும் பசியும் தெரியாமலிருக்க. கூடவே சாம்பலில் செய்த 'லிப்தா' என்ற கட்டியில் ஒரு துணுக்கு. வெற்றிலைக்குச் சுண்ணாம்புபோல. சுண்ணாம்புபோன்ற காரப்பொருள் சேர்ந்தால்தான் இலையின் சாறு வேலை செய்யும். பெருவிலும் பொலிவியாவிலும் இலை சட்டப்படி விற்கிறது. (நினைவுப்பொருளாக ஊருக்கு எடுத்து வர நினைக்காதீர்கள், பல நாடுகளில் குற்றம்.) கவனிக்க வேண்டியது இது: விளைவது யூங்காவில், அதிகம் தேவைப்படுவது புனாவில். ஒரு பிடி இலைக்குள் இரண்டாயிரம் மீட்டர் ஏற்றம் இருக்கிறது.

குட்டிக் குடைமிளகாய்போல் இருக்கும் ரொக்கோத்தோவைக் கடித்துவிடாதீர்கள். கறுப்பு விதை கொண்ட, குளிர் தாங்கும் மிளகாய் அது. நம் மிளகாயின் ஒன்றுவிட்ட உறவு, கோபமும் அதிகம்.

சுருக்கமாக: ஒவ்வொரு கூறும் ஒரு உயரத்தின் முகவரி. சந்தை என்பது செங்குத்தாக நிற்கும் மலையைச் சில மணிநேரம் தரையில் படுக்கவைப்பது.

பணம் தெரிந்தவர்களின் பண்டமாற்று

பீசாக் இருக்கும் அதே கால்கா மாகாணத்தில் லாரெஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. புனாவில் தொடங்கி யூங்காவரை சரியும் பள்ளத்தாக்கு. அங்கே வாரந்தோறும் பண்டமாற்றுச் சந்தைகள் கூடுகின்றன. கெச்சுவாவில் சலாய் என்றால் பண்டமாற்று. மேலிருந்து உருளையும் சூன்யோவும் கறியும், நடுவிலிருந்து சோளமும் பயறும், கீழிருந்து பழமும் காப்பியும் கொக்காவும். மாற்றுபவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பணம் தெரியாததால் இப்படிச் செய்கிறார்களா? அதே பெண்கள் மறுநாள் சோல் நாணயத்தை எண்ணி வாங்கி முடிந்துகொள்வார்கள். குஸ்கோ சந்தைகளில் இப்போது கைப்பேசியில் பணம் வாங்கும் அட்டையும் தொங்குகிறது. காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

மேலூர்க்காரி ஒரு சாக்கு உருளையை வியாபாரியிடம் 10 சோலுக்கு விற்கிறாள். வியாபாரி கீழே கொண்டுபோய் 20-க்கு விற்கிறான். கீழூர்க்காரி ஒரு சாக்கு ஆரஞ்சை 10-க்கு விற்கிறாள், அது மேலே 20-க்கு வருகிறது. ஆக, மேலூர்க்காரி தன் ஒரு சாக்கு உருளையின் காசில் அரைச் சாக்கு ஆரஞ்சுதான் வாங்க முடியும். கீழூர்க்காரிக்கும் அதே கதி. இருவரும் நேரில் சந்தித்துச் சாக்குக்குச் சாக்கு மாற்றிக்கொண்டால்? ஒவ்வொருவருக்கும் முழுச் சாக்கு. அறுவடை நேரத்தில் உருளை விலை பாதாளத்துக்குப் போனாலும் இந்த மாற்று அவ்வளவாக அசையாது. ஏனென்றால் இங்கே அளப்பது விலையை அல்ல, வீட்டுச் சமையலை. பெரும்பாலும் எடையும் கிடையாது. கூடை, சாக்கு, கையால் ஒரு அள்ளு. நம் பழைய படிக்கணக்குபோல, கொள்ளளவுதான் பேச்சு.

சாலை வருவதற்கு முன் இதே வேலையை லாமாக்கள் செய்தன. ஒரு லாமா 25, 30 கிலோ சுமக்கும். அதற்குமேல் ஏற்றினால் உட்கார்ந்துவிடும், எழுப்பவே முடியாது. பொலிவியாவின் உயுனி உப்புவெளியிலிருந்து உப்புக்கட்டிகளை ஏற்றி, நாள்கணக்கில் நடந்து, கீழ்ப் பள்ளத்தாக்குகளில் மக்காச்சோளத்துக்கு மாற்றி வருவார்கள். இப்போது லாரி வந்துவிட்டது.

கொசுறும் வாடிக்கையும்

பொருள் வாங்கி முடித்ததும் ஒரு கை அதிகமாகப் போடுவதற்குக் கெச்சுவாவில் யாப்பா என்று பெயர். 'கூட்டு, சேர்' என்ற பொருளுள்ள சொல். நமக்கு விளக்கமே வேண்டாம், கொசுறு. இந்தச் சொல் ஸ்பானிஷில் புகுந்து தென் அமெரிக்கா முழுக்கப் பரவி, கரீபியன் வழியாக அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் வரை உருமாறிப் போயிருக்கிறது. ஒரு பிடி கறிவேப்பிலை இவ்வளவு தூரம் போகுமா என்று தோன்றுகிறதல்லவா!

பேரம் பேசி விலையைக் குறைப்பதும் கொசுறு கேட்பதும் ஒன்றல்ல. விலையைக் குறைத்தால் பக்கத்து விரிப்புக்காரி காதில் விழும், நாளை எல்லாரும் அதையே கேட்பார்கள். கொசுறு போட்டால் விலை நின்ற இடத்தில் நிற்கும், உறவு மட்டும் ஒரு படி ஏறும். அந்த உறவுக்கும் பெயர் உண்டு: கசேரா, ஆணென்றால் கசேரோ. வீடு என்று பொருள்படும் ஸ்பானிஷ் சொல்லிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால் விற்பவர் வாங்குபவரை அப்படி அழைப்பார், வாங்குபவரும் விற்பவரை அப்படியே அழைப்பார்.

நிறம் சொல்வதும் சொல்லாததும்

இப்போது துணிக்கு வருவோம். தொப்பியின் வடிவம் பல இடங்களில் ஊரைச் சொல்லும். தோளில் போர்த்தும் 'லிக்லா' துணியும் அதைக் குத்தும் ஊசியும் ஸ்பானியருக்கு முந்தியவை. ஆனால் எல்லாரும் 'இன்கா உடை' என்று படமெடுக்கும் அந்த அகன்ற பாவாடை, பொய்யேரா, ஸ்பானியப் பெண்களின் உடையிலிருந்து வந்தது.

சிவப்பு நிறத்துக்கு ஒரு பூச்சி உண்டு. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல். அதை உலர்த்தி நசுக்கினால் கருஞ்சிவப்பு. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் செம்மஞ்சளாக மாறும். சின்செரோ ஊர் நெசவுப் பெண்கள் இதை உள்ளங்கையிலேயே செய்து காட்டுவார்கள். செயற்கைச் சாயம் வந்தபின் இந்த அறிவு மங்கியது. அதை மீட்பதற்கென்றே 1996-ல் குஸ்கோவில் பாரம்பரிய நெசவு மையம் ஒன்று தொடங்கப்பட்டது.

ஆனால் சுற்றுலாக் கடையில் தொங்கும் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையும் பெரும்பாலும் ஆலையில் வந்த அக்ரிலிக் நூல். ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், விலை குறைவாக இருந்தால் அதற்குத் தகுந்த பொருள். 'பேபி அல்பாக்கா' என்ற பெயரைக் கேட்டுக் குட்டியின் முடி என்று உருகவும் வேண்டாம். மென்மையான நூலின் தரத்துக்கு வைத்த பெயர் அது, வளர்ந்த விலங்கிலிருந்தும் வரும்.

பொலிவியாவின் லா பாஸ் நகரில் 'சூனியக்காரிகள் சந்தை' என்று ஒன்றைக் காட்டுவார்கள். உலர்ந்த லாமாக் கரு, சர்க்கரை வில்லைகள், மூலிகைகள். நம் நாட்டு மருந்துக் கடையையும் பூஜைச் சாமான் கடையையும் சேர்த்துப் பாருங்கள், அவ்வளவுதான். வீடு கட்டும்போது பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படைத்து அஸ்திவாரத்தில் புதைப்பதற்கு அந்தக் கரு.

போனால்

பீசாக்கில் இப்போது தினமும் கைவினைக் கடைதான். ஞாயிறு காலையில் போய், காய்கறி விற்கும் பக்கத்தைத் தேடுங்கள். படமெடுக்குமுன் கேளுங்கள், எதையாவது வாங்கிவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது. கருநீல உருளை ஒரு கூறு எடுங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். பையை மூடுமுன் "யாப்பீத்தா, கசெரீத்தா" என்று சொல்லிப் பாருங்கள். கொசுறு கொஞ்சம் போடம்மா என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டு கிழங்கு கூடுதலாக விழும்.